பின் இருக்கையில் எறும்பு சிஸ்டர்

குழந்தைகள் வார்டில் இருபத்திரண்டு வருடமாக ஒரே பொய்யைச் சொல்லிச் சம்பளம் வாங்கியவர் எறும்பு சிஸ்டர். ஊசியைக் கையில் எடுத்ததும், "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பார். கையில் போடும் ஊசிக்கும் அதே எறும்பு, இடுப்பில் போடும் ஊசிக்கும் அதே எறும்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் பணிப்பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. மற்றபடி பெரிய டாக்டர் முதல் தரை துடைக்கிறவர் வரை எல்லாருக்கும் அவர் எறும்பு சிஸ்டர்தான். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. தன் பொய்யில் ஒரு நல்ல எண்ணம் இருப்பதாக அவர் மனதார நம்பினார், பொய் சொல்கிற நல்லவர்கள் எல்லாரும் நம்புவதைப் போலவே.

அந்தப் பொய்யை முதன்முதலாகக் கூண்டில் ஏற்றியது மூன்றாம் எண் கட்டில். ஒன்பது வயதுப் பெண் அவள். வந்த முதல் நாளே, "எந்த எறும்பு சிஸ்டர், கறுப்பா சிவப்பா?" என்று கேட்டாள். இப்படி ஒரு கேள்வியை இருபத்திரண்டு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. சிஸ்டர் சற்றுத் தடுமாறி, கறுப்பு என்று சொல்லி வைத்தார். ஊசி போட்டு முடித்துப் பஞ்சை வைத்து அழுத்தியபோது, அந்தப் பெண் கண்ணில் தண்ணீர் நிற்க, குரல் மட்டும் பிசகாமல் சொன்னாள்: "கறுப்பு எறும்பு கடிக்கவே கடிக்காது. சும்மா ஊர்ந்துட்டுப் போயிடும்." அன்று சாயங்காலத்துக்குள் அவளுக்கும் பெயர் வைத்தாகிவிட்டது. வக்கீலம்மா.

வக்கீலம்மாவுக்கு ரத்தத்தில் நோய். அதற்கான மருந்துகளில் ஒன்றை முதுகெலும்பின் நடுவே ஊசி வைத்துத்தான் செலுத்த வேண்டும். பக்கவாட்டில் படுத்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு, சில நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். மற்ற பிள்ளைகளை மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுப் போடுவார்கள். இவளுக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்ததால் மயக்க மருந்து இப்போதைக்குக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விழித்திருக்கும்போதே போட்டுவிடலாம் என்று இரண்டு முறை முயன்றார்கள். அம்மா தலைமாட்டில், எறும்பு சிஸ்டர் தோளில், ஆயாக்கள் இரண்டு பேர் காலில் என நாலு பேர் பிடித்தும், ஊசி முனை தொட்டதும் அவள் துள்ளிய துள்ளலில் ஒரு ஆயாவின் கண்ணாடி உடைந்தது. இரண்டு முறையும் டாக்டர் ஊசியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமைக்கு மேல் தள்ளிப்போட வழியே இல்லை, தள்ளினால் இதுவரை கொடுத்த மருந்தெல்லாம் வீணாகும் என்று அம்மாவிடம் சொன்னபோது டாக்டரின் முகம் சுண்டிப் போயிருந்தது.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய ஞாயிறுதான் மோட்டார் சைக்கிள் ஊர்வலம்.

வருடத்துக்கு ஒரு ஞாயிறு, நாற்பது ஐம்பது பேர் மோட்டார் சைக்கிளில் நகரைச் சுற்றி அறுபது கிலோமீட்டர் ஓட்டி, கடைசியில் மருத்துவமனைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். அதற்காக நாலு பேர் கொடுக்கும் நன்கொடையெல்லாம் இந்த வார்டுக்குத்தான் வரும். பிள்ளைகளோடு மாதக்கணக்கில் தங்கும் அம்மா அப்பாக்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்களே, அவர்கள் காலை நீட்டிப் படுக்க ஒரு கூடம் கட்ட வேண்டும் என்பது இந்த வருடத்துத் திட்டம். ஊர்வலத்தை நடத்துகிறவர் மருத்துவமனை லிஃப்டுகளைப் பழுது பார்க்கிற மெக்கானிக். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். அவர் ஏறினால் லிஃப்டில் இன்னும் இரண்டு பேருக்குத்தான் இடம் இருக்கும். பிள்ளைகளுக்கு அவர் லிஃப்ட் அண்ணன்.

இந்த ஊர்வலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வண்டியின் பின் இருக்கையும் வார்டில் உள்ள ஒரு குழந்தைக்குச் சொந்தம். குழந்தையால் வர முடியாதே, அதனால் குழந்தை எதைச் சொல்கிறதோ அதை இருக்கையில் வைத்துக் கட்டி அறுபது கிலோமீட்டரும் எடுத்துப் போய்த் திருப்பித் தர வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. பெரும்பாலும் கரடி பொம்மையும் தலையணையுமாகத்தான் வரும். போன வருடம் ஒரு பையன் தன் கட்டிலுக்கு அடியில் இருந்த மூத்திரப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டான். அது ஒரு வங்கி மேலாளரின் வண்டிக்கு விழுந்தது. அந்த மனிதர் அதைக் கழுவித் துடைத்து, சிவப்பு ரிப்பன் கட்டி, முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு நகரம் முழுவதும் ஓட்டிக் காட்டினார்.

இந்த வருடம் லிஃப்ட் அண்ணனுக்கு வந்தது மூன்றாம் எண் கட்டில். நோட்டும் பேனாவுமாக அவர் போய் நின்று, பின் சீட்டில் எதைக் கட்டட்டும் என்று கேட்டார். வக்கீலம்மா யோசிக்கக்கூட இல்லை.

"சிஸ்டர்."

சிஸ்டரிடம் கேட்டுத்தான் சொல்வாயா என்றார் அவர்.

"கேக்க வேண்டாம். சிஸ்டரைத்தான் சொல்றேன். கட்டி எடுத்துட்டுப் போங்க."

நாலு கட்டில் தள்ளி மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த எறும்பு சிஸ்டரின் கையிலிருந்து மாத்திரைக் கிண்ணம் கீழே விழுந்தது.

எறும்பு சிஸ்டருக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர் பயம். அது வார்டு அறிந்த விஷயம். கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் ஆசையாகப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். முதல் திருப்பத்தில் வண்டி சாய்ந்ததும், விழப்போகிறோம் என்று முடிவு கட்டி இவர் குதித்துவிட்டார். மனிதர் அது தெரியாமல், மனைவியிடம் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இன்னும் இரண்டு தெரு போய்விட்டார். அடுத்த வாரமே வண்டியை விற்றார்கள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பஸ்தான்.

ஆகவே முடியவே முடியாது என்றார் சிஸ்டர். ட்யூட்டி இருக்கிறது என்றார், இடுப்பு வலி என்றார், நான் என்ன பொருளா என்றார். வக்கீலம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரு பேரம் பேசினாள். முதுகு ஊசிக்குப் படுக்கும்போதெல்லாம் சிஸ்டர் தனக்கு மூன்று கட்டளை போடுகிறார்: கத்தக் கூடாது, ஆடக் கூடாது, பாதியில் எழுந்து ஓடக் கூடாது. அதே மூன்றும் சிஸ்டருக்கு. கத்தாமல், ஆடாமல், பாதியில் இறங்கி ஓடாமல் சிஸ்டர் அறுபது கிலோமீட்டர் போய் வந்துவிட்டால், திங்கட்கிழமை யாரும் பிடிக்க வேண்டாம், தானே வாயை மூடிக்கொண்டு சுருண்டு படுத்துக்கொள்வாள். சிஸ்டர் தோற்றால் திங்கட்கிழமை என்ன செய்வது என்பது அவள் இஷ்டம்.

இந்தப் பேச்சு டாக்டரின் காதுக்குப் போனது. அவர் சத்தம் என்றாலே ஆகாதவர், வேலை நேரத்தில் குண்டூசி விழுந்தாலும் கேட்க வேண்டும் அவருக்கு. சிஸ்டரை நடைவழியில் ஓரம் கட்டி, "ஏறிடுங்க சிஸ்டர். எனக்கு வேற வழி தெரியல" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். வக்கீலம்மாவின் அம்மா கட்டில் ஓரத்தில் நின்று பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையைப் பார்த்த பிறகு எறும்பு சிஸ்டருக்கு இடுப்பு வலி, ட்யூட்டி எதுவும் வாயில் வரவில்லை.

சாட்சிக்கு என்ன ஏற்பாடு என்று வக்கீலம்மா கேட்காமல் விடுவாளா? லிஃப்ட் அண்ணனின் ஹெல்மெட்டுகளில் மைக்கும் ஸ்பீக்கரும் உண்டு, போட்டிருப்பவரின் போனோடு சேர்ந்தவை. வண்டியில் பேசுவது வார்டின் விளையாட்டு அறையில் ஒலிபெருக்கியில் கேட்கும், வார்டில் பேசுவது ஹெல்மெட்டுக்குள் கேட்கும். ஆக, சிஸ்டர் வாயைத் திறந்தால் இருபது பிள்ளைகள் சாட்சி.

ஞாயிறு காலை எறும்பு சிஸ்டர் வீட்டுக்காரரின் மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மழை இல்லை. விழுந்தால் சிராய்க்காது என்று போட்டது. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வாந்தி மாத்திரையில் ஒன்றை அரை மணிக்கு முன்பே விழுங்கியிருந்தார். வக்கீலம்மா மூக்கையும் வாயையும் மறைத்த முகக்கவசத்தோடு வந்து, நோயாளிகள் கையில் கட்டுகிற பட்டை ஒன்றை அவர் மணிக்கட்டில் கட்டினாள். 'கட்டில் எண் 3. பின் இருக்கை. திருப்பித் தரவும்' என்று அதில் எழுதியிருந்தது. கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாள்: "பயப்படாதீங்க சிஸ்டர். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

கீழே வண்டிகள் வரிசையாக நின்றன. லிஃப்ட் அண்ணன் ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, பக்கவாட்டில் இருந்த பொத்தானைப் பற்றி ஏதோ விளக்கினார். சிஸ்டர் தலையாட்டினார். ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை, அவர் அப்போது தெரிந்த தெய்வங்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் லிஃப்டில் யாரையும் கீழே போட்டதில்லை, உங்களையும் போட மாட்டேன் அக்கா என்றார் அண்ணன். அது ஒரு ஆறுதலாகப் படவில்லை.

வண்டி புறப்பட்டது. கத்தக் கூடாது என்பதால் சிஸ்டர் உதட்டைக் கடித்து வாயை இறுக்கினார். வாய் வழியாக வர வேண்டியது உடம்பு வழியாக வந்தது. இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம் முறுக்கிக்கொண்டார், வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கம். அண்ணனின் பெல்ட்டைப் பிடித்தார், தோளைப் பிடித்தார், ஒரு வேகத்தடையில் ஹெல்மெட்டோடு அவர் தலையைப் பிடித்துத் திருப்பிவிட்டார். அவ்வளவு பெரிய வண்டி, சந்தையில் மாட்டிக்கொண்ட கன்றுக்குட்டியைப் போல நெளிந்தது. பக்கத்தில் கரடி பொம்மையோடு வந்துகொண்டிருந்த வங்கி மேலாளர் நிலைமையைப் புரிந்துகொண்டு நாலு வண்டி தள்ளிப் போய்விட்டார்.

விளையாட்டு அறையில் பிள்ளைகளுக்கு, மூடி திறக்கப்போகிற குக்கர் ஒன்றின் சத்தம்தான் கேட்டதாம். ம்ம்ம்ம் என்று ஒரே சத்தம். நடுவில் ஒருமுறை, "சிஸ்டர், எப்படி இருக்கு? எறும்பா?" என்று வக்கீலம்மாவின் குரல் ஹெல்மெட்டுக்குள் வந்தது. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று சிஸ்டர் பதில் சொல்லவில்லை.

பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்க். தண்ணீர் குடிக்க எல்லாரும் வண்டியை விட்டு இறங்கலாம், அதில் விதி மீறல் இல்லை. எறும்பு சிஸ்டரும் இறங்கினார். இன்னும் முப்பது கிலோமீட்டர். அதில் ஒரு மேம்பாலம் வேறு இருப்பதாக யாரோ பேசிக்கொண்டார்கள். அப்போதுதான் அவர் கண்ணில் அந்த வேன் பட்டது. ஊர்வலத்துக்குப் பின்னால் தண்ணீர் பாட்டில் ஏற்றிக்கொண்டு வருகிற வேன். நாலு சக்கரம், நாலு கதவு, மேலே கூரை. அவருக்கு அது சொர்க்க ரதமாகத் தெரிந்தது.

மனித மூளை கெட்டிக்காரத்தனமானது, பயத்தில் இன்னும் கெட்டிக்காரத்தனமாகிவிடும். மேம்பாலத்தில் தான் கத்திவிட்டால் பந்தயம் போகும், பந்தயம் போனால் அந்தக் குழந்தையின் ஊசி போகும், ஆகவே வேனில் போவதுதான் குழந்தைக்கு நல்லது என்று அரை நிமிடத்தில் ஒரு முழு நியாயம் தயாரானது. வார்டில் டிரிப்ஸ் ஏற்றும் இயந்திரம் சத்தம் போட்டால் ஒரு தட்டு தட்டி வாயை அடைப்பது அவர் வழக்கம். ஒரு நாளைக்கு ஐம்பது முறை அப்படித் தட்டிப் பழகிய விரல் அது. அந்த விரல் ஹெல்மெட் பொத்தானையும் ஒரு தட்டு தட்டியது. அதுவும் வார்டு இயந்திரம் மாதிரியே 'பீப்' என்று ஒரு பணிவான சத்தம் கொடுத்தது. அணைந்துவிட்டது என்று சிஸ்டர் திருப்தியடைந்தார்.

ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனை அழைத்தார்.

"தம்பி, மைக்கை அணைச்சிட்டேன். நான் வேன்ல வர்றேன். ஆஸ்பத்திரி தெரு முனையில நிறுத்துங்க, அங்க ஏறிக்கிறேன். பிள்ளைங்களுக்குத் தெரிய வேண்டாம்."

லிஃப்ட் அண்ணன் காதைச் சொறிந்தார். அது தப்பு இல்லையா அக்கா என்று இழுத்தார். எல்லாம் அந்தப் பிள்ளையின் நல்லதுக்குத்தான் என்றார் சிஸ்டர், ஊசி போடும்போது பேசுகிற அதே இதமான குரலில். முப்பது கிலோமீட்டராகத் தோள்பட்டை பிய்ந்து போயிருந்த அண்ணனும் அதற்கு மேல் வாதாடவில்லை.

வேனில் தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே காலை நீட்டி உட்கார்ந்தார் எறும்பு சிஸ்டர். மடியில் ஹெல்மெட். காற்று முகத்தில் பட்டது, அதுவும் ஜன்னல் வழியாக, மரியாதையாக. ஓட்டுநரோடு பேச்சுக் கொடுத்தார். மோட்டார் சைக்கிள் பரவாயில்லை, பழகிவிட்டது என்றார். பிறகு ஒரு பாட்டின் இரண்டு வரியைக்கூட முணுமுணுத்தார். அப்போது அவருடைய மடி பேசியது.

"சிஸ்டர், வேன்ல ஏசி இருக்கா?"

ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். பாட்டில்கள் உருண்டன. அந்தப் பொத்தானை அணைக்க மூன்று விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்றும், ஒரு தட்டு தட்டினால் சத்தம் கூடும் என்றும்தான் லிஃப்ட் அண்ணன் காலையில் விளக்கியிருந்தார். கூட்டிய சத்தத்தில் வக்கீலம்மாவின் குரல் வேன் முழுக்க நிறைந்து, ஜன்னல் வழியாகச் சாலைக்கும் போனது. அவளுக்குப் பின்னால் இருபது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. பிறகு யாரோ அவர்களை அடக்கினார்கள்.

"தோத்துட்டீங்க" என்றாள் வக்கீலம்மா.

எறும்பு சிஸ்டர் கேலி வரும், குறுக்கு விசாரணை வரும் என்று காத்திருந்தார். முன்னைவிடத் தணிந்த குரலில் வேறு ஒன்று வந்தது.

"பரவால்ல சிஸ்டர். எனக்கும் எழுந்து ஓடிடணும்னுதான் இருக்கும். என்னை நாலு பேர் பிடிச்சுக்குவாங்க, அதான் முடியல."

சிஸ்டருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட வலியாக இருந்தது. இருபத்திரண்டு வருடமாக எத்தனை தோள்களை அழுத்திப் பிடித்திருப்பார்? ஓடக் கூடாது, ஓடக் கூடாது என்று எத்தனை காதில் சொல்லியிருப்பார்? தன்னை யாரும் பிடிக்காத முதல் இடத்திலேயே தான் ஓடிவிட்டோமே என்று அவர் மனம் குமைந்தது. ஓட்டுநரிடம் ஹாரன் அடிக்கச் சொன்னார். விடாமல் அடிக்கச் சொன்னார். முன்னால் போய்க்கொண்டிருந்த லிஃப்ட் அண்ணன் திரும்பிப் பார்த்து ஓரம் கட்டினார்.

சிஸ்டர் இறங்கி வந்து ஹெல்மெட்டை மாட்டி, வண்டியில் காலைப் போட்டார்.

பந்தயம்தான் முடிந்துவிட்டதே, இனிமேல் எதற்கு ஏறுகிறீர்கள் என்று ஹெல்மெட்டுக்குள் குரல் கேட்டது.

"பந்தயம் போச்சு. பின் சீட்டு உன்னோடதுடி. அது காலியா போகக் கூடாது" என்றார் சிஸ்டர். பிறகு கொஞ்சம் தயங்கி, "எனக்கு ரொம்ப பயமா இருக்கு. எறும்பு இல்ல, யானை மிதிச்ச மாதிரி இருக்கு. ஆனா வர்றேன்" என்றார்.

பந்தயம் போனதில் ஒரு வசதி, இனி கத்தலாம். எறும்பு சிஸ்டர் கத்தினார். முதல் திருப்பத்துக்கு ஒரு கத்தல், எதிரே வந்த லாரிக்கு ஒன்று, குறுக்கே வந்த நாய்க்கு ஒன்று. மேம்பாலத்தில் ஏறத் தொடங்கியது முதல் இறங்கி முடிக்கும் வரை ஒரே கத்தல், மூச்சு விடாமல். சாலையோரக் கடைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். வெறும் கத்தல் போதாமல் போனபோது சொற்களும் வந்தன. ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டபோது, தலைமை சிஸ்டர் லீவு கொடுக்காத விதத்தைப் பற்றி இருபத்திரண்டு வருடமாக மனதுக்குள் வைத்திருந்தது முழுவதையும் கொட்டிவிட்டார். விளையாட்டு அறையில் என்ன இவ்வளவு கூச்சல் என்று பார்க்க அந்த நிமிடம்தான் தலைமை சிஸ்டர் உள்ளே நுழைந்திருந்தார். அதன் பலன் அடுத்த மாத ட்யூட்டிப் பட்டியலில் தெரிந்தது.

நகருக்குள் திரும்பி ஒரு சிக்னலில் நின்றபோது லிஃப்ட் அண்ணன் தலையைத் திருப்பினார்.

"அக்கா, ஒண்ணு கவனிச்சீங்களா? வாயை மூடிட்டு வந்தப்பதான் நெளிஞ்சீங்க, வண்டியே ஆடுச்சு. கத்த ஆரம்பிச்சதுலேர்ந்து மூட்டை மாதிரி அசையாம உக்காந்திருக்கீங்க."

சிஸ்டர் தன் கைகளைப் பார்த்தார். அண்ணனின் பெல்ட்டைப் பிடித்திருந்தன, அவ்வளவுதான். நடுங்கவில்லை. பயம் போய்விட்டதா என்றால் இல்லை, அது அப்படியே இருந்தது. வாய் வழியாகப் போய்க்கொண்டிருந்ததால் கை கால்களுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. ஹெல்மெட்டின் அந்தப் பக்கம் வக்கீலம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு பென்சில் தாளில் ஓடும் சத்தம் வந்தது.

மருத்துவமனை வாசலில் வண்டிகள் வந்து நின்றபோது மூன்றாம் மாடி ஜன்னல் முழுக்கப் பிள்ளைகள். கைதட்டல் கண்ணாடியைத் தாண்டி வந்தது. பின் இருக்கையை விட்டு இறங்கிய எறும்பு சிஸ்டருக்குத் தொண்டை கட்டிப்போய், நன்றி என்று சொன்னது காற்றாகத்தான் வந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சிகிச்சை அறையில் எல்லாரும் கூடினார்கள். டாக்டர் கையுறை போட்டுக்கொண்டார். அம்மா தலைமாட்டுக்குப் போனாள், ஆயாக்கள் கால்மாட்டுக்குப் போனார்கள். எறும்பு சிஸ்டர் ராத்திரி முழுவதும் உப்புத் தண்ணீரால் தொண்டையைக் கொப்பளித்துவிட்டு வந்து, சுவரோரமாக நின்றார். பந்தயத்தில் தோற்றவருக்குத் தோளைப் பிடிக்க உரிமை இருக்கிறதா என்று அவருக்கே தெரியவில்லை.

வக்கீலம்மா கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். முகம் வெளிறியிருந்தது, உதடு உலர்ந்திருந்தது. மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

"நான்தான் ஜெயிச்சேன். அதனால என் இஷ்டம்" என்று தொடங்கினாள். "யாரும் என்னைப் பிடிக்கக் கூடாது. யாரும் 'ஷ்'னு சொல்லக் கூடாது. நான் கத்துவேன். கத்தினா ஆடாது டாக்டர். நேத்து வாயை மூடிட்டு இருந்தப்பதான் வண்டி ஆடுச்சு. லிஃப்ட் அண்ணன் சாட்சி."

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா டாக்டரைப் பார்த்தாள். ஆயாக்கள் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். எவ்வளவு சத்தமாகக் கத்துவாய் என்று டாக்டர் கவலையோடு கேட்டார். எவ்வளவு வருகிறதோ அவ்வளவு என்றாள் வக்கீலம்மா. டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டுச் சம்மதித்தார்.

"இன்னொண்ணு. சிஸ்டரும் கூட கத்தணும். தனியா கத்தினா எல்லாரும் என்னையே பாப்பாங்க."

அறையில் எல்லாரும் எறும்பு சிஸ்டரைப் பார்த்தார்கள். அவர் வந்து கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். வக்கீலம்மா பக்கவாட்டில் படுத்து, தானே முழங்காலை இழுத்து நெஞ்சோடு அணைத்துச் சுருண்டாள். முகத்துக்கு நேராக முகம்.

"வலிக்குமா சிஸ்டர்?"

"வலிக்கும்" என்றார் சிஸ்டர், கம்மிய குரலில். "முதல்ல ஜில்லுனு இருக்கும். அப்புறம் அழுத்தும். அப்புறம் கொஞ்ச நேரம் நல்லாவே வலிக்கும்."

வக்கீலம்மா அதை ஒரு கணம் எடை போட்டுப் பார்த்தாள். சரி என்றாள். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, கத்தினாள்.

அப்படி ஒரு கத்தலை அந்த மருத்துவமனை கேட்டதில்லை. கட்டிப்போன தொண்டையை வைத்துக்கொண்டு எறும்பு சிஸ்டரும் சேர்ந்துகொண்டார். அவர் சும்மா பேருக்குக் கத்தவில்லை, இத்தனை வருடமாக 'ஷ்' என்று அடக்கிய அத்தனை பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கத்தினார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியக் கத்தினார். அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கீழ்த் தளத்தில் லிஃப்ட் கதவை மாட்டிக்கொண்டிருந்த அண்ணன் திருப்புளியைப் போட்டுவிட்டு மாடிப்படியில் ஓடி வந்தார். சத்தம் என்றாலே ஆகாத டாக்டர் மட்டும் குனிந்தபடி, அந்தச் சின்ன முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. ஊசி உள்ளே போனது, சொட்டுச் சொட்டாக முதுகுத்தண்டு நீர் வந்தது, மருந்து மெல்ல இறங்கியது, ஊசி வெளியே வந்தது. ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

பஞ்சை வைத்து ஒட்டிவிட்டு டாக்டர் நிமிர்ந்தார். வக்கீலம்மா கத்துவதை நிறுத்தினாள். அறையில் இன்னும் ஒரு கத்தல் பாக்கி இருந்தது. எறும்பு சிஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி தொடர்ந்துகொண்டிருந்தார். வக்கீலம்மா ஒரு கையை நீட்டி அவர் தோளைத் தட்டினாள்.

"முடிஞ்சிடுச்சு சிஸ்டர்" என்றாள். "கண்ணைத் திறங்க."